போயா வார இறுதிக்குக் கண்டியா, காலியா?

வெள்ளியிலோ திங்களிலோ பௌர்ணமி விடுமுறையான போயா விழுந்து மூன்று நாள் லீவு சேர்ந்துவிட்டால், கொழும்பில் பல வீடுகளில் இதே பேச்சுத்தான். இரண்டு ஊரும் கொழும்பிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 115 கிலோமீற்றர். இரண்டையும் யுனெஸ்கோ 1988ஆம் ஆண்டிலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு ஒப்பிட்டால் விடியும்வரை பேசினாலும் முடிவு வராது.

மணிக்கணக்கைப் பாருங்கள், முடிவு தானாக வரும். கண்டி விடியற்காலையில் பார்க்கவேண்டிய ஊர். புத்தரின் தந்த தாது இருக்கும் தலதா மாளிகையின் முதல் பூசை, பனி விலகாத வாவிக்கரை, வெயில் ஏறுமுன் பேராதனைத் தாவரவியல் தோட்டம் எல்லாமே காலை 10 மணிக்குள் கிடைப்பவை. அதன் பிறகு நகருக்குள் வாகன நெரிசல், பின்னேரம் மழை. காலி இதற்கு நேர்மாறு. காலை 10 மணி முதல் 3 மணி வரை காலிக் கோட்டை மதிலில் நிழலே கிடையாது, கல் சுடும். 4 மணிக்குப் பிறகு அதே மதிலில் காற்று வரும், வெளிச்சம் மஞ்சளாகும், ஊர் முழுக்க மதில்மேல் ஏறிவிடும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரே நாள் அல்லது ஓர் இரவுதான் கையில் இருக்கிறது என்றால் காலி. இரண்டு இரவு இருந்தால் கண்டி. காலிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தாலும் அன்றைய பின்னேரம் உங்களுடையது. கண்டிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தால் ஊரின் நல்ல பகுதி அன்றைக்கு முடிந்துவிட்டது, மறுநாள் விடியும்வரை காத்திருக்கவேண்டும். ஓர் இரவு மட்டும் தங்குபவருக்கு அந்த ஒற்றைக் காலையில் தலதா மாளிகையும் பேராதனையும் திரும்பும் பயணமும் ஒன்றோடொன்று இடிபடும்.

இந்த விதியை மாற்றக்கூடியவை மூன்று: கொழும்பில் நீங்கள் இருக்கும் பக்கம், போகும் மாதம், கூட வருபவர்கள்.

முதலில் வீட்டிலிருந்து கணக்கு

ரயில் அட்டவணையில் இருக்கும் நேரத்தைப் பயண நேரம் என்று எடுக்காதீர்கள். வீட்டுப் படியிறங்கியதிலிருந்து அறையில் பையை வைக்கும்வரை எண்ணுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கண்டிக்கு என்று வைப்போம். கோட்டை நிலையத்துக்குப் போய்ச்சேர அரை மணிநேரம், மேடைக்கு 20 நிமிடம் முன்னதாக, கடுகதி ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணிநேரம், கண்டி நிலையத்திலிருந்து அறைக்கு ஆட்டோவில் 20 நிமிடம். நாலு மணிநேரம் போய்விட்டது. பஸ்ஸில் போனால் கடவத்தை, நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை என்று ஒவ்வொரு நகரத்திலும் நின்று நகரும். வெள்ளி பின்னேரம் புறப்பட்டால் பஸ்ஸுக்கு மட்டுமே நாலு மணிநேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையிலான பகுதி 2022இல் திறக்கப்பட்டது. அதை நம்பிக் கண்டிப் பயணம் குறுகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். கண்டிக்குப் போகும் பஸ் இப்போதும் பழைய கண்டி வீதியாலும் கடுகண்ணாவை ஏற்றத்தாலும்தான் போகிறது.

அதே வெள்ளவத்தையிலிருந்து காலிக்கு: கொட்டாவைப் பக்கத்து மாக்கும்புர பஸ் நிலையத்துக்கு ஒரு மணிநேரம், வரிசையில் அரை மணிநேரம், தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம், பின்னதுவையில் இறங்குபாதை எடுத்து நகருக்குள் வர இன்னும் 20 நிமிடம். மூன்று மணிநேரத்துக்குள் முடியும். போகவர இரண்டையும் சேர்த்தால் காலியில் இரண்டு மணிநேரமாவது மிச்சம். ஓர் இரவுப் பயணத்தில் இரண்டு மணிநேரம் என்பது ஒரு முழுப் பின்னேரம்.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மாக்கும்புரவுக்குப் போக நகரையே குறுக்கே கடக்கவேண்டும், கண்டி வீதியோ பக்கத்தில். அவர்களுக்கு இரண்டு ஊரும் ஏறக்குறையச் சமம். காலிக்கே போவதென்றால் கடவத்தையிலிருந்து வெளிச்சுற்றுவட்ட வீதியால் போகும் அதிவேக பஸ்ஸைப் பிடியுங்கள்.

மாதத்தைப் பார்த்து மாற்றுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காலிப் பக்கத்தில் கடல் கொந்தளிக்கும், பக்கத்துக் கடற்கரையான உனவட்டுனவில் குளிக்க நினைத்துப் போவது வீண். கோட்டைக்குள் மழைக்கு இடையில் சுற்றலாம், ஆனால் அந்திப்பொழுது பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான் முடியும். இந்த மாதங்களில் ஓர் இரவாக இருந்தாலும் கண்டியை யோசிக்கலாம். மழை அங்கும் வரும், ஆனால் காலைகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒக்டோபர், நவம்பர் இரண்டும் சிக்கலான மாதங்கள். இரண்டு ஊரிலும் பின்னேரம் இடியோடு மழை. இங்கேதான் முன்னே சொன்ன மணிக்கணக்கு கைகொடுக்கும்: பின்னேர மழை காலியின் நல்ல நேரத்தைத்தான் பறிக்கும், கண்டியின் நல்ல நேரத்தைத் தொடாது. ஆனால் மலைப்பாதையில் மண்சரிவு வரும் காலமும் இதுவே. ரம்புக்கனைக்கும் கண்டிக்கும் இடையே ரயில் பாதையும், கடுகண்ணாவையில் வீதியும் மூடப்படுவதுண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. கேகாலை, கண்டி இரண்டில் ஒன்றுக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைக் காலிக்கு மாற்றுங்கள், அல்லது தள்ளிப்போடுங்கள். அறைக்குக் கட்டிய முற்பணத்துக்காக மலையேற வேண்டாம்.

டிசம்பரில் காலி. கண்டியில் வடகீழ்ப் பருவமழை ஜனவரி தொடக்கம்வரை இழுக்கும். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை இரண்டு ஊரும் நல்லது, அப்போது நாள் கணக்கு மட்டும் பாருங்கள். ஜனவரியில் கண்டி இரவு குளிரும். குழந்தைகளுக்கு மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும்.

யார் வருகிறார்கள்

அம்மம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கண்டி கொஞ்சம் கஷ்டம். ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. வாவி தெரியும் அறை என்று விளம்பரம் செய்யும் இடங்கள் பெரும்பாலும் மேட்டில்தான். ஆட்டோ வீதியில் இறக்கிவிடும், அங்கிருந்து படி. தலதா மாளிகையிலும் மேல்தளத்துக்குப் படியேறி, வரிசையில் நின்று, வெறுங்காலோடு நடக்கவேண்டும். காலிக் கோட்டைக்குள் தெருக்கள் சமதரை. மதில்மேல் ஏறும் இடங்களில் சரிவுகள் உண்டு, ஏறாமல் தெருவழியே கலங்கரை விளக்கம் வரைக்கும் போய் உட்காரவும் முடியும்.

ஓடித்திரியும் வயதுப் பிள்ளைகள் என்றால் காலியில்தான் கவனம் கூடத் தேவை. மதிலின் கடற்பக்கத்தில் பல இடங்களில் கைப்பிடி இல்லை. கீழே பாறை. ஐந்து ஆறு வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்தபடியேதான் நடத்தவேண்டும். மதிலின் தென்முனையான கொடிப்பாறையில் இளைஞர்கள் பணத்துக்காகக் கடலுக்குள் குதித்துக் காட்டுவார்கள். பதின்ம வயதுப் பையன்கள் அதைப் பார்த்து ஆசைப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குதிக்கும் இடத்தைச் சுற்றிப் பாறைகள்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா, பெரியம்மா குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் செலவு கணக்கு மாறும். தலதா மாளிகையிலும் பேராதனைத் தோட்டத்திலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குத் தனியாக அதிகக் கட்டணம். அடையாள அட்டை கேட்கக்கூடும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. காலிக் கோட்டைக்குள் நுழைய யாருக்கும் கட்டணம் கிடையாது. எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு இந்த வித்தியாசம் ஒரு இரவு அறைச் செலவைத் தொடும்.

சைவச் சாப்பாட்டுக்காரருக்குக் கண்டி சுகம். நகருக்குள் தோசை, இட்லி, சோறு போடும் சைவக் கடைகள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன, தமிழிலேயே பேசி வாங்கலாம். காலியில் சைவத்துக்குத் தேடவேண்டும். கோட்டைக்குள் இருக்கும் கடைகள் உல்லாசப் பயணிகளை நம்பி நடப்பவை, விலையும் அப்படியே. மதிலுக்கு வெளியே பஸ் நிலையப் பக்கமும் பிரதான வீதியிலும் மத்தியானச் சோறு கறி கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சோற்றைப் போடுமுன் "கருவாடு, மாசி ஒன்றும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசி என்ற உலர்மீன் போடுவது அங்கே வழக்கம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே காலி போகலாம்.

கண்டிக்குப் போவதென்றால்

ரயில்தான். ரம்புக்கனை தாண்டியதும் ரயில் மலையேறத் தொடங்கும், அந்த ஒரு மணிநேரம் பயணத்தின் பாதி இன்பம். கொழும்பிலிருந்து போகும்போது வலது பக்க ஜன்னல் எடுங்கள். பள்ளத்தாக்கும் பத்தலேகல என்ற பைபிள் குன்றும் அந்தப் பக்கம்தான். திரும்பும்போது இடது பக்கம். இந்தப் பாதை 1867இல் திறக்கப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் வேகம் குறையும்போது, பாறையைக் குடைந்து தடம் போட்ட இடங்களைக் கிட்டப் பார்க்கலாம்.

முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். போயா வார இறுதிக்குத் திறந்த அன்றே போய்விடும், ஆகவே லீவு தெரிந்தவுடன் நாட்காட்டியில் 30 நாள் பின்னால் எண்ணிக் குறித்து வையுங்கள். நிலையத்திலும் வாங்கலாம், ரயில்வே இணையத்தளத்திலும் வாங்கலாம். பயணத்தின்போது அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காலை 7 மணி நகரிடைக் கடுகதி நீண்டகாலமாக ஓடுகிறது, இருந்தாலும் புறப்படும் வாரத்தில் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு அழைத்து நேரத்தை உறுதிசெய்யுங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: மலைநாட்டுக்குப் போகும் எல்லா ரயிலும் கண்டிக்குப் போகும் என்று நினைத்து உடரட்ட மெனிக்கே என்ற ரயிலில் ஏறுவது. அது கண்டி நகருக்குள் வராது. பேராதனைச் சந்தியிலிருந்து நேரே பதுளைப் பக்கம் திரும்பிவிடும். அதில் ஏறியிருந்தால் பேராதனைச் சந்தியில் இறங்கி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ நகருக்குள் வாருங்கள். பொடி மெனிக்கே என்ற ரயில் கண்டிக்குள் வந்து போகும்.

வாகனத்தில் போகிறவர்கள் வழியில் பின்னவல யானைகள் சரணாலயத்தைச் சேர்த்துக்கொள்ள நினைப்பார்கள். கேகாலை தாண்டி ரம்புக்கனை வீதிக்குத் திரும்பி, ஆற்றில் யானை குளிப்பதைப் பார்த்து, மீண்டும் பிரதான வீதிக்கு வர மூன்று மணிநேரம் போய்விடும். இரண்டு இரவு இருந்தால், சிறு பிள்ளைகளும் இருந்தால், போகும் வழியில் செய்யுங்கள். ஓர் இரவுப் பயணத்தில் வேண்டாம்.

அறை எடுக்கும்போது தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: வீதியிலிருந்து வாசல்வரை எத்தனை படி? ஆட்டோ வாசலுக்கு வருமா? ஜன்னலுக்கு வலை இருக்கிறதா? மூன்றாவது கேள்வி குரங்குகளுக்காக. உடவத்தகலைக் காட்டைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், வாழைப்பழத்தோடு மருந்துப் பையும் போய்விடும்.

முதல்நாளை இலேசாக வையுங்கள். மத்தியானம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, நாலரைக்கு வாவியைச் சுற்றி ஒரு நடை. இந்த வாவியைக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்தான். ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல், நின்று நின்று போனால் ஒரு மணிநேரம். இரவு நேரத்தோடு படுங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். தலதா மாளிகையில் பூசை காலை 5.30, 9.30, மாலை 6.30 என்று மூன்று வேளை. மாலைப் பூசைக்குத்தான் கூட்டம் அள்ளும், வார இறுதியிலும் போயாவிலும் சொல்லவே வேண்டாம். அதிகாலை 5 மணிக்கு வாசலில் நில்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, முடிந்தால் வெள்ளை. செருப்பை வெளியே ஒப்படைக்கவேண்டும். பகலில் போகிறவர்கள் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், முற்றத்துக் கல் வெயிலில் தாங்கமுடியாத சூடு. பாதுகாப்புச் சோதனை உண்டு, பெரிய பையைக் கொண்டுபோகாமல் இருந்தால் சீக்கிரம் உள்ளே போகலாம். உள்ளே நுழைந்ததும் கீழ்த்தளத்தில் மேளக்காரர் முன்னால் நின்றுவிடாமல் நேரே மேல்தளத்துக்குப் போய் வரிசையில் சேருங்கள். மேளச்சத்தம் அங்கும் கேட்கும், வரிசையோ நிமிடத்துக்கு நிமிடம் நீளும். சந்நிதிக்கு நேரே வரும்போது நின்று பார்க்கச் சில விநாடிதான். பார்ப்பது பொற்பேழையை, அதற்குள் இருக்கும் தந்த தாதுவை அல்ல. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெளியே வரும்போது அரச சபை மண்டபத்தைப் பாராமல் போகவேண்டாம். செதுக்கிய மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் திறந்த மண்டபம் அது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் இங்கேதான் வாசிக்கப்பட்டு, இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்த ஒப்பந்தத்தில் கண்டிப் பிரதானிகள் சிலருடைய கையொப்பத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. கடைசி அரசனோ கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்க வம்சத்தவன். கண்டியைத் தமக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்று நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அந்தத் தூண்களைவிட நல்ல இடம் கிடையாது.

காலைச் சாப்பாடு முடித்து எட்டு, எட்டரைக்குப் பேராதனைக்குப் பஸ் ஏறுங்கள், சுமார் ஆறு கிலோமீற்றர். தோட்டம் 147 ஏக்கர், மூன்று மணிநேரம் வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். உள்ளே போனதும் ஓர்க்கிட் மனை, பிறகு அரசப் பனைகள் இரு பக்கமும் நிற்கும் பாதை, பெரும்புல்வெளியில் கிளைகளைத் தரையோடு பரப்பி நிற்கும் ஜாவா அத்திமரம், கடைசியில் மகாவலிமேல் தொங்குபாலம். இந்த ஒழுங்கில் போனால் வெயில் ஏறும் நேரத்துக்கு மரநிழலில் இருப்பீர்கள். அத்திமரத்தின் வேர்களுக்கு மேல் பிள்ளைகள் ஓடி விளையாடலாம், பாய் ஒன்று கொண்டுபோனால் பெரியவர்கள் அங்கேயே படுத்துவிடுவார்கள். திரும்பும் வழியில் கட்டுக்கலை செல்வவிநாயகர் கோவில் பேராதனை வீதியிலேயே இருக்கிறது. மத்தியான நடை சாத்துமுன் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் உடவத்தகலைக் காடு. மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். காலுறைக்குமேல் சவர்க்காரம் தேய்த்துவிட்டுப் போனால் பெரும்பாலும் ஏறாது. பிறகு அறையைக் காலிசெய்துவிட்டு ரயில்.

காலிக்குப் போவதென்றால்

அதிவேக பஸ்ஸா ரயிலா என்பது யார் வருகிறார் என்பதைப் பொறுத்தது. அவசரமென்றால் பஸ். நெடுஞ்சாலை பஸ்ஸில் ஆட்களை நிற்கவைத்து ஏற்றுவதில்லை, எல்லாருக்கும் இருக்கை உண்டு. அதனால்தான் லீவு நாளில் வரிசை நீளும், காலை 7 மணிக்கு முன் மாக்கும்புரவில் நிற்பது நல்லது. நெடுஞ்சாலைப் பகுதி சுமார் 95 கிலோமீற்றர், ஜன்னலுக்கு வெளியே பார்க்க அதிகம் இல்லை.

பிள்ளைகளோடு போனால் போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வையுங்கள். கரையோர ரயிலில் போகும்போது கடல் வலது பக்கம். பாணந்துறைக்குப் பிறகும் பல இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் சில அடிதான். ஹிக்கடுவை வருமுன் பெரலிய தாண்டும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி ரயிலை அடித்துச் சென்ற இடம் அதுவே. முன்பதிவு இல்லாமல் போகிறவர்கள் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஏறி இடம் பிடிக்கலாம் என்று நம்பவேண்டாம். கடுகதி ரயில்கள் வெள்ளவத்தையில் நிற்பதும் அரிது. கரையோரப் பாதை ரயில்கள் பல மருதானையிலிருந்துதான் புறப்படுகின்றன. மருதானைக்குப் போய் ஏறினால் ஜன்னல் கிடைக்கும். வெள்ளி பின்னேரம் 4 முதல் 6.30 வரை அந்தப் பாதையில் அலுவலகக் கூட்டம், பையோடும் பிள்ளையோடும் ஏறும் நேரமல்ல அது.

அறையைக் கோட்டைக்குள் எடுப்பதா வெளியே எடுப்பதா? ஓர் இரவு என்றால் கோட்டைக்குள். விலை கூடினாலும், இரவு 9 மணிக்குப் பிறகு பகல் கூட்டம் போன தெருக்களில் நடக்கவும், காலை 6 மணிக்கு மதிலில் தனியாக நிற்கவும் அதுதான் வழி. பழைய ஒல்லாந்தர் கால வீடுகள் என்பதால் சில அறைகளுக்கு ஜன்னல் உள்முற்றத்துக்குத்தான் திறக்கும், சிலவற்றுக்கு ஜன்னலே இல்லை. கேட்டு எடுங்கள். வாகனத்தில் வருபவர்கள் நிறுத்த இடம் உண்டா என்றும் கேளுங்கள், தெருக்கள் ஒடுக்கம். கடற்குளிப்புத்தான் நோக்கமென்றால் உனவட்டுன, தல்பேப் பக்கம் அறை எடுத்து, பின்னேரம் மட்டும் கோட்டைக்கு வாருங்கள்.

அறை விலையில் இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்று. இணையத்தில் டொலரில் காட்டும் விலையை உடனே கட்டாதீர்கள். நேரே அழைத்து உள்ளூர்வாசி விலை கேளுங்கள், பல இடங்களில் குறைவு. வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேளுங்கள். 10,000 ரூபா என்று சொன்ன அறைக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் ஏறினால் 12,980 ஆகும். சாப்பாட்டுக் கடைப் பில்லிலும் இதே கதை.

காலியில் இறங்கியதும் கோட்டைக்குள் ஓடவேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து கோட்டை வாசல் பத்து நிமிட நடை, பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் வழியிலேயே. மத்தியானச் சாப்பாட்டை வெளியே முடித்து, அறையில் மூன்றரை மணிவரை இருங்கள்.

நாலு மணிக்குப் பழைய வாசலில் தொடங்குங்கள். வெளிப்பக்க வளைவில் ஆங்கிலேயர் சின்னம் இருக்கும். உள்ளே போய்த் திரும்பி நிமிர்ந்து பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னல் எழுத்து, இரு பக்கம் சிங்கம், உச்சியில் சேவல், 1669 என்ற ஆண்டு. பாதிப்பேர் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து கிழக்குத் தெருக்களால் தெற்கே போங்கள், அந்நேரம் வீடுகளின் நிழல் தெருவில் விழும். ஒல்லாந்தர் 1755இல் கட்டிய தேவாலயத்தின் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். தெருக்களின் முடிவில் 1939இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கமும் எதிரே மீரான் பள்ளிவாசலும். கோட்டைக்குள் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பங்களில் பலருக்குத் தமிழ் தெரியும், வழி கேட்கத் தயங்கவேண்டாம்.

கலங்கரை விளக்கத்திலிருந்து மதில்மேல் ஏறி, கடல் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடங்கள். கொடிப்பாறை தாண்டி மேற்கு மதிலுக்கு வரும்போது சூரியன் இறங்கத் தொடங்கியிருக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் மேற்கு மதிலை வெயிலோடு முடித்துவிட்டு, அஸ்தமன நேரத்தில் துறைமுகப் பக்கம் நிற்பீர்கள். நவம்பரில் 5.50 அளவில் சூரியன் மறையும், ஜூலையில் 6.30 அளவில். அதற்கு 40 நிமிடம் முன் கொடிப்பாறையில் இருந்தால் சரி. நடை மணிக்கூட்டுக் கோபுரத்தில் முடியும். கீழே கிரிக்கெட் மைதானம் முழுதாகத் தெரியும். கண்டியில் பிறந்த முரளிதரன் 2010 ஜூலை 22இல் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது இந்த மைதானத்தில்தான்.

காலிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகுமுன் ஒரு வேலை செய்யலாம். கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பகுதி, தெற்கே தெவிநுவரக் கோவிலின் தெய்வமான தென்னாவர நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனால் துறைமுகம் வேறுவிதமாகத் தெரியும்.

மறுநாள் காலை, டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை என்றால், உனவட்டுனவில் 7 முதல் 9 வரை கடற்குளிப்பு. மற்ற மாதங்களில் கோட்டைக்குள்ளேயே கடல்சார் நூதனசாலை.

தவிர்க்கவேண்டிய நாட்கள்

தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான கண்டிப் பெரஹரா ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நடந்து நிக்கினிப் போயாவோடு முடியும். பெரஹரா பார்க்கவென்றே போகாதவர்கள் அந்த நாட்களில் கண்டிப் பக்கம் திரும்பவேண்டாம். அறை விலை ஏறும், பின்னேரம் வீதிகளை மூடுவார்கள். காலியில் டெஸ்ட் போட்டி நடக்கும் வாரமும், ஆண்டுத் தொடக்கத்தில் இலக்கிய விழா நடக்கும் நாட்களும் அப்படியே. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு ஊரும் வேண்டாம். ஏப்ரல் 13, 14இல் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன்னும் பின்னும் பஸ்ஸில் ஏறவே முடியாது.

திரும்பும் நேரத்தையும் போகுமுன்னரே தீர்மானியுங்கள். கண்டியிலிருந்து லீவின் கடைசி நாள் மத்தியானத்துக்கு முன் புறப்படவேண்டும், அதற்குப் பிறகு கண்டி வீதி நகராது. காலி பஸ் நிலையத்தில் பின்னேரம் 4 முதல் 7 வரை வரிசை நீளம். அதற்கு முன் புறப்படுங்கள், அல்லது இரண்டாவது அஸ்தமனத்தையும் பார்த்துவிட்டு 7 மணிக்குப் பிறகு வாருங்கள். பின்னதைச் செய்வதென்றால் மாக்கும்புரவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலியில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். மாக்கும்புரவிலிருந்து வீட்டுக்கு வர ஆட்டோச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.